பாதியில் நின்ற தொட்டி

பிரான்சின் கிழக்குப் பகுதியில் வெசூல் என்றொரு சிற்றூர். அங்கே ழான் லூயி மூரா என்பவர் 1860-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தம் வீட்டுக் கழிவறைக் கழிவும் சமையலறைத் தண்ணீரும் ஒன்றாகப் போய்ச் சேரும்படி நிலத்தடியில் ஒரு தொட்டி கட்டினார். உள்ளே வரும் குழாயும் வெளியே போகும் குழாயும் தண்ணீருக்குள் முங்கியிருந்ததால் காற்று புக வழியில்லை. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்துத் திறந்து பார்த்தபோது, கெட்டியாக நிரம்பியிருக்கும் என்று எதிர்பார்த்த தொட்டியில் பெரும்பாலும் நீர்தான் இருந்தது. அறிவியல் இதழ் நடத்திவந்த மொய்ன்யோ என்ற பாதிரியார் இதில் ஆர்வம் கொண்டார். 1881-இல் காப்புரிமை எடுக்கப்பட்டது. தானே கழிவை அகற்றிக்கொள்ளும் கருவி என்று அதற்கு விளம்பரம் செய்தார்கள். அந்தச் சொல்லுக்கு அன்றைய பிரான்சில் இருந்த கவர்ச்சியைப் புரிந்துகொள்ள வேண்டும். பாரிஸில் வீட்டுக்கு வீடு மலக்குழி. இரவில் ஆட்கள் வந்து அள்ளி, வண்டியில் ஏற்றி, ஊருக்கு வெளியே கொண்டுபோய் உலர்த்தி உரமாக விற்றார்கள். அந்த நாற்றத்தையும் செலவையும் அந்த ஆட்களையும் ஒருசேர இல்லாமல் ஆக்கிவிடும் என்பதே மூராவின் தொட்டி கொடுத்த வாக்குறுதி.

செப்டிக் டேங்க்கின் நூற்றைம்பது ஆண்டுக் கதையில் அடிப்படைப் பிழை இந்த வாக்குறுதிதான் என்பது என் கருத்து. தொட்டி பாதி வேலையைச் செய்கிறது. மீதிப் பாதியை மண்ணும் மனிதரும் செய்தாக வேண்டும். அந்த மீதியை யார் செய்வது, யார் செலவில் செய்வது என்று முன்கூட்டியே முடிவெடுத்த நாடுகளில் தொட்டி ஒரு நல்ல சுகாதார ஏற்பாடாக நிலைத்தது. முடிவெடுக்காமல் விட்ட இடங்களில் அந்த வேலை, மறுக்கும் வலு இல்லாதவர்கள் தலையில் விழுந்தது. தமிழ்நாடு இரண்டாவது வகையைச் சேர்ந்தது. இது தற்செயலாக நேர்ந்ததல்ல. நம் சட்டங்களும் கட்டட வழக்கங்களும் சாதியும் சேர்ந்து உண்டாக்கிய விளைவு.

தொட்டியைப் பெரிய அளவில் உலகுக்கு அறிமுகப்படுத்தியவர் இங்கிலாந்தின் எக்ஸிட்டர் நகரப் பொறியாளர் டொனால்ட் கேமரன். 1895-96-இல் அவர் அமைத்த மூடிய தொட்டிதான் செப்டிக் டேங்க் என்ற பெயரோடு வந்தது. காற்றில்லாத இருட்டில் வாழும் பாக்டீரியாக்கள் மலத்தைச் சிதைக்கின்றன என்பதை அவர் முறையாக விளக்கினார். தொட்டியில் எழுந்த வாயுவைப் பிடித்து விளக்கு எரித்துக் காட்டினார். காப்புரிமைக்கென ஒரு நிறுவனம் தோன்றி, அமெரிக்க நகராட்சிகள்மீது வழக்குப் போட்டுப் பணம் கேட்கும் அளவுக்குத் தொட்டி பரவியது. அயோவா மாநிலத்தின் நாக்ஸ்வில் நகருக்கு எதிரான வழக்கில் 1913-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்த உரிமை காலாவதியாகிவிட்டது என்று தீர்ப்பளித்த பிறகுதான் தொல்லை ஓய்ந்தது. ஆனால் அதற்கு முன்பே, 1898-இல் பிரிட்டன் அமைத்த கழிவுநீர் அகற்றல் ராயல் கமிஷன், பல ஊர்களின் தொட்டிகளை அளந்து பார்த்து 1908-இல் ஐந்தாம் அறிக்கையை வெளியிட்டிருந்தது. தொட்டி கசடு முழுவதையும் கரைத்துவிடும் என்ற கூற்று மிகைப்படுத்தப்பட்டது என்று அந்த அறிக்கை எழுதியது. கரைவது ஒரு பகுதிதான். மிச்சம் அடியில் தங்கும். தங்கியதை யாராவது எடுத்தாக வேண்டும். தொட்டி முழுமையான தீர்வு அல்ல என்பது ஏறத்தாழ 120 ஆண்டுகளுக்கு முன்பே அச்சில் வந்துவிட்ட உண்மை.

தொட்டிக்குள் நடப்பது சிக்கலானதல்ல. கழிவுநீர் ஒன்றிரண்டு நாள் அசையாமல் நிற்கிறது. கனமானவை அடியில் படிகின்றன, எண்ணெயும் கொழுப்பும் மேலே ஏடாகத் திரள்கின்றன, நடுவில் உள்ள நீர் வெளியேறுகிறது. அந்த நீர் பார்வைக்குத் தெளிந்திருந்தாலும் மலத்தின் நோய்க்கிருமிகளில் பெரும்பகுதி அதோடு வந்துவிடுகிறது. அவற்றை ஒடுக்குவது மண். காற்றோட்டமுள்ள மண்ணில் நீர் மெதுவாகக் கசியும்போது, அங்கே வாழும் வேறுவகை நுண்ணுயிர்கள் அழுக்கைத் தின்கின்றன. மண்துகள்கள் கிருமிகளைப் பிடித்து நிறுத்துகின்றன. நிலத்தடி நீருக்கும், தொட்டி நீரை மண்ணில் இறக்கும் உறிஞ்சுகுழிக்கும் இடையே போதிய காய்ந்த மண் இருந்தால்தான் இது நடக்கும். யாழ்ப்பாணக் குடாநாட்டைப் போல வெடிப்பும் துளையுமாக உள்ள சுண்ணாம்புக்கல் நிலத்தில் குழிநீர் வடிகட்டப்படாமல் நேரே கிணற்றுக்குப் போய்விடுகிறது. அங்குள்ள கிணறுகளில் நைட்ரேட்டும் மலக்கிருமிகளும் காணப்படுவதற்கு இது ஒரு காரணம். ஆக, ஒரு மனையில் எத்தகைய தொட்டி வைக்கலாம் என்பதை மண்ணிடம் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். நியூயார்க் மாநிலத்தில் ஹென்றி ரையன் என்ற பொறியாளர் 1920களில் இதற்கொரு எளிய சோதனையை வகுத்தார்: குழி வெட்டி, நீர் ஊற்றி, மட்டம் இறங்க எவ்வளவு நேரமாகிறது என்று பார்ப்பது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்கப் புறநகர்களில் வீடுகள் விரைந்து பெருகியபோது பல கட்டட வணிகர்கள் இந்த எச்சரிக்கையைப் புறக்கணித்தார்கள். உறிஞ்சுகுழிகள் அடைத்துக்கொண்டன, சலவைத்தூள் கலந்த நீர் நிலத்தில் இறங்கிக் குடிநீர்க் குழாயிலேயே நுரையாக வந்தது. அதன் பிறகே விதிகள் கடுமையாயின, 1957-இல் அரசின் பொதுச் சுகாதாரத் துறை தொட்டிகளுக்கான கையேட்டை வெளியிட்டது.

இந்தியாவுக்குத் தொட்டி வெகு சீக்கிரமே வந்தது. பம்பாயின் மாதுங்காவில் இருந்த தொழுநோயாளர் இல்லத்தில் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே இத்தகைய தொட்டி இருந்தது, அதன் வாயுவும் பயன்படுத்தப்பட்டது. 20-ஆம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் ஹூக்ளி ஆற்றங்கரைச் சணல் ஆலைகள் தங்கள் தொழிலாளர்களுக்காகத் தொட்டிகளைக் கட்டின. வழிந்த நீரை ஆற்றில் விட்டார்கள். அந்த ஆற்றைக் கங்கையாகவே புனிதமாகப் போற்றியவர்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். விவகாரம் பெரிதாகி, மான்செஸ்டரில் பணியாற்றிய கில்பர்ட் ஃபவுலர் என்ற வேதியியலாளர் வரவழைக்கப்பட்டு ஆய்வு நடந்தது. பின்னாளில் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் பேராசிரியராக இருந்தவர் அவர். இந்த மண்ணில் செப்டிக் டேங்க் பற்றி எழுந்த முதல் பெரிய சர்ச்சையே தொட்டிக்கு வெளியே போகும் நீரைப் பற்றியது என்பது கவனிக்க வேண்டிய செய்தி. ஆனால் அன்று தொட்டி ஆலைக்கும் பங்களாவுக்கும் உரியதாக இருந்தது. ஊர்களில் இருந்தது, ஆள் வந்து மலத்தை அள்ளிச் செல்லும் எடுப்புக் கக்கூஸ். இங்கிலாந்தின் டார்செட்டில் ஹென்றி மூல் என்ற பாதிரியார் 1860-இல் காப்புரிமை பெற்ற உலர்மண் கழிப்பறையை, காலனிய அரசு இங்குள்ள சிறைகளிலும் ராணுவக் குடியிருப்புகளிலும் புகுத்தியது. மண் தூவி மூடும் அந்த முறைக்குத் தினமும் அள்ள ஆள் வேண்டும். நகராட்சிகள் அந்த வேலையைச் சில சாதிகளுக்கே உரியதாக நிலைநிறுத்தி, சம்பளப் பட்டியலில் ஏற்றின. வழக்கமாக இருந்த இழிவு அரசு வேலையின் வடிவத்தை எடுத்தது அப்போதுதான்.

விடுதலைக்குப் பிறகு இதை மாற்ற உண்மையான முயற்சிகள் நடந்தன, அவற்றைக் குறைத்துச் சொல்வது நியாயமாகாது. 1950களின் பிற்பகுதியில் மத்திய சுகாதார அமைச்சகம் வங்காளத்தின் சிங்கூரிலும் டெல்லியருகே நஜஃப்கரிலும் சென்னையை அடுத்த பூந்தமல்லியிலும் நடத்திய ஆய்வுத் திட்டங்களிலிருந்து, குறைந்த தண்ணீரில் இயங்கும் நீரடைப்புக் கழிப்பறை உருவானது. 1970-இல் பாட்னாவில் பிந்தேஷ்வர் பாதக் தொடங்கிய சுலப் அமைப்பு இரட்டைக் குழிக் கழிப்பறையைப் பரப்பியது. ஒரு குழி நிரம்பினால் அதை மூடிவிட்டு மறு குழிக்குத் திருப்ப வேண்டும். மூடிய குழி ஒன்றரை, இரண்டு ஆண்டுகளில் மட்கி மண்ணாகிவிடும். பச்சை மலத்தை யாரும் தொட வேண்டியதில்லை. எளிய கட்டுமானத்தில் மனித மாண்பைக் காத்த அருமையான வடிவமைப்பு இது. 1980-81 முதல் எடுப்புக் கக்கூஸ்களை இத்தகைய கழிப்பறைகளாக மாற்ற மத்திய அரசு நிதி கொடுத்தது. 1993-இல் கையால் மலம் அள்ளுவதையும் எடுப்புக் கக்கூஸ் கட்டுவதையும் தடைசெய்யும் சட்டம் வந்தது. எங்கே தவறியது என்றால், மக்கள் நாடியது இரட்டைக் குழியை அல்ல, செப்டிக் டேங்க்கை. அதையும் ஒரு பாதியாக மட்டும். இந்தியத் தர நிர்ணயம் செப்டிக் டேங்க்குக்கு வகுத்த ஐ.எஸ். 2470 இரண்டு பாகங்களைக் கொண்டது. முதல் பாகம் தொட்டியைக் கட்டுவது பற்றி. இரண்டாம் பாகம் தொட்டியிலிருந்து வரும் நீரை மேலும் சுத்திகரித்து அகற்றுவது பற்றி. நம் ஊர்களில் முதல் பாகத்தைக்கூடப் பலரும் கடைப்பிடிக்கவில்லை. இரண்டாம் பாகம் இருப்பதே மறந்துபோனது. சிமெண்ட் உறைகளை இறக்கி அடியைப் பூசாமல் விட்ட குழியும் டேங்க் என்றே சொல்லப்பட்டது. பூசிய தொட்டிகளிலோ வழியும் நீரைத் தெருச் சாக்கடையில் விட்டார்கள். டேங்க்கைக் காலி செய்யவே கூடாது என்ற எண்ணத்தில் வீட்டைக் கட்டுவதைவிட அதிகக் கவனத்தோடு ஆழமாகத் தோண்டி, மேலே போர்டிகோ போட்டு, டைல்ஸ் ஒட்டி, திறப்பே தெரியாமல் மூடியவர்கள் ஏராளம். மூராவின் வாக்குறுதியை ஒரு சமூகமே நம்பியதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

காலி செய்யாமல் விட்ட தொட்டிதான் ஆளைக் கொல்கிறது. இதன் காரணத்தைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை எடுக்கும் கசடு குழம்பாக இருக்கும், லாரிக் குழாயில் உறிஞ்சிவிடலாம். பத்துப் பதினைந்து ஆண்டு கிடந்தது அடியில் இறுகிவிடுகிறது. மேல்நீரை மட்டும் லாரி உறிஞ்சிக்கொள்ள, அடியில் இறுகியதைக் கலக்கிவிட ஓர் ஆள் இறங்குகிறார். கலக்கியதும் கசடுக்குள் அடைபட்டிருந்த ஹைட்ரஜன் சல்ஃபைடு வெளிப்படுகிறது. காற்றைவிடக் கனமான அந்த வாயு குழியிலேயே தங்கும். செறிவு கூடியதும் மூக்கின் நுகரும் திறனையே அது மழுங்கடித்துவிடுவதால் நாற்றம் போய்விட்டது என்று எண்ணும் நேரத்தில்தான் ஆபத்து உச்சத்தில் இருக்கிறது. இறங்கியவர் சாய, காப்பாற்ற இறங்கியவரும் சாய்கிறார். ஒரே தொட்டியில் இருவர் மூவர் இறந்தார்கள் என்ற செய்தி திரும்பத் திரும்ப வருவது இதனால்தான். ஒன்றிய அரசு நாடாளுமன்றத்தில் வைத்த கணக்குகளின்படி, 1993 முதல் சாக்கடைகளிலும் செப்டிக் டேங்க்குகளிலும் இறந்தவர்களின் எண்ணிக்கையில் தமிழ்நாடு முன்னணியில் நிற்கிறது. இங்கு மட்டும் 200-க்கும் மேற்பட்டவர்கள். இறந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் பட்டியல் சாதியினர். 1993-இன் சட்டம் எடுப்புக் கக்கூஸை ஒழிக்கப் பார்த்ததே தவிர, தொட்டிக்குள் இறங்குவதை அது எண்ணிப் பார்க்கவில்லை. தெருவில் எல்லோர் கண்ணெதிரிலும் தினமும் நடந்த வேலை, பல ஆண்டுகளுக்கு ஒருமுறை மூடிக்குக் கீழே நடக்கும் வேலையாக மாறியது, செய்பவர் மாறவில்லை. 2013-இன் சட்டம்தான் டேங்க்கையும் பாதாளச் சாக்கடையையும் சேர்த்தது. அதிலும் உரிய பாதுகாப்புக் கருவியின்றி இறக்குவதே குற்றம் என்ற வரையறை, இறக்கலாம் என்ற வழியைத் திறந்தே வைத்தது. 2014-இல் உச்ச நீதிமன்றம் 1993 முதல் இறந்த ஒவ்வொருவர் குடும்பத்துக்கும் 10 லட்சம் ரூபாய் கொடுக்க ஆணையிட்டது. 2023-இல் அந்தத் தொகையை 30 லட்சமாக உயர்த்தியது. இழப்பீடு உயர்ந்தது நல்லதுதான். ஆனால் கசடு இறுகாமல் இருந்திருந்தால் அவர்களில் பலர் இறங்க வேண்டியே வந்திருக்காது.

எல்லா ஊருக்கும் பாதாளச் சாக்கடை போட்டுவிட்டால் இந்தத் தொல்லையே இல்லையே, டேங்க்கைப் பற்றி ஏன் இவ்வளவு பேச்சு என்று கேட்பவர்கள் உண்டு. சென்னையின் அனுபவத்தைப் பார்க்கலாம். அதன் பாதாளச் சாக்கடை 1910-இல் திட்டமிடப்பட்டபோது, 1961-இல் நகரில் 6.6 லட்சம் பேர் இருப்பார்கள் என்று கணித்தார்கள். 1961 கணக்கெடுப்பில் இருந்தவர்கள் 17 லட்சத்துக்கும் மேல். மாநிலத்தின் முதல் நகரத்திலேயே குழாய் மக்களைத் துரத்திக்கொண்டு ஓடியிருக்கிறது என்றால், பேரூராட்சிகளுக்கும் கிராமங்களுக்கும் அது எப்போது வரும்? குழாயில் கழிவு ஓட வேண்டுமானால் தண்ணீர் தாராளமாக வேண்டும். மேட்டுக்கு ஏற்ற மின்சாரமும், முடிவில் சுத்திகரிப்பு நிலையமும் வேண்டும். 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி இந்திய நகர வீடுகளில் சுமார் 33 விழுக்காட்டுக்குத்தான் சாக்கடைக் குழாய் இணைப்பு இருந்தது. 38 விழுக்காட்டுக்கு இருந்தது செப்டிக் டேங்க். வளமிக்க நாடுகளும் குழாயே முடிவு என்று நினைக்கவில்லை. அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை 1997-இல் தன் நாடாளுமன்றத்துக்கு அளித்த அறிக்கையில், முறையாகப் பராமரித்தால் வீட்டளவுச் சுத்திகரிப்பு நிரந்தர ஏற்பாடாகவே இருக்கலாம் என்று சொன்னது. அப்போது அந்நாட்டு வீடுகளில் கால்வாசி அதையே நம்பியிருந்தன. குழாய் வரும்வரை சமாளிக்கத்தானே என்ற நினைப்பே டேங்க்கை அநாதையாக்கியது.

இன்னொரு சாரார், லாரியும் இயந்திரமும் வந்துவிட்டன, இனி ஆள் இறங்க வேண்டாம் என்கிறார்கள். கேரளத்தில் இளம் பொறியாளர்கள் பாதாளச் சாக்கடையின் ஆள்நுழை குழிக்கான ரோபோவை உருவாக்கினார்கள், சென்னை ஐ.ஐ.டி.யில் டேங்க்குக்கென ஒரு கருவி வடிவமைக்கப்பட்டது. இவை பெரிதும் வரவேற்கத்தக்கவை, இன்னும் பரவலாக வர வேண்டும். ஆனால் லாரி உறிஞ்சியதை எங்கே கொட்டுகிறது? ஊர் எல்லையில், ஏரிக்கரையில், மழைநீர்க் கால்வாயில், பாலத்தடியில் கொட்டும் லாரிகளை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். கொட்ட இடம் இல்லாத லாரிக்காரரைத் திட்டிப் பயனில்லை. சுத்திகரிப்பு நிலையம் ஐம்பது கிலோமீட்டர் தள்ளி இருந்தால் அவரது டீசல் செலவுக்கே வாடகை போதாது. வீட்டுக்காரர் போன் செய்தால் மட்டும் வருவது என்ற முறையில் லாரி வந்தாலும், வழிந்து நாறத் தொடங்கிய பிறகுதான் கூப்பிடுகிறார்கள். அதற்குள் கசடு இறுகிவிட்டிருக்கும்.

தன் வீட்டு டேங்க்கைக் கவனிப்பது வீட்டுக்காரர் பொறுப்பு, நகராட்சி ஏன் தலையிட வேண்டும் என்ற வாதம்தான் எல்லாவற்றிலும் ஆழமானது. இதற்கு ஜப்பான் நல்ல விடை தருகிறது. அங்கே வீட்டளவுச் சுத்திகரிப்புக் கலனை ஜோகாசோ என்கிறார்கள். 1983-இல் அதற்கென்றே தனிச் சட்டம் எழுதினார்கள். உரிமம் பெற்றவர் மட்டுமே நிறுவலாம். ஆண்டுதோறும் ஆய்வு கட்டாயம். ஆண்டுக்கு ஒருமுறையாவது கசடு எடுத்தாக வேண்டும். மலநீரை மட்டும் சுத்திகரித்து, சமையல், குளியல் நீரை அப்படியே வெளியே விடும் பழைய வகையைப் புதிதாக நிறுவ 2001 முதல் தடையும் வந்தது. கலன் தனிமனிதர் சொத்து. அதன் நலம் பொதுக் கடமை என்று சட்டம் பிரித்துப் பார்த்தது. மலேசியா எதிர்மறைப் பாடம். 1990களில் அங்கே முறை வைத்துக் கசடு எடுக்கும் திட்டம் நடைமுறைக்கு வந்தது. 2008-இல் சட்டம் மாறி, வீட்டுக்காரர் கேட்டால் எடுத்தால் போதும் என்றானதும் காலி செய்யப்படும் டேங்க்குகள் வெகுவாகக் குறைந்தன. அதே மக்கள், அதே டேங்க்குகள், மாறியது பொறுப்பு யாருடையது என்ற விதி ஒன்றுதான். ஏழைகளால் கட்டணம் கட்ட முடியாதே என்பது நியாயமான கவலை. மகாராஷ்டிரத்தின் வாய் என்ற சிறு நகரம் இதற்கு வழி கண்டது: ஒரே தடவையில் பெருந்தொகை கேட்காமல், சொத்து வரியோடு சிறு தொகையைச் சேர்த்து வாங்கி, மூன்று ஆண்டுக்கு ஒருமுறை வட்டாரம் வட்டாரமாக எல்லா டேங்க்கையும் காலி செய்கிறார்கள்.

தமிழ்நாடும் விழித்திருக்கிறது. 2014-இல் மாநில அரசு உள்ளாட்சிகளுக்கான கசடு மேலாண்மை வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. 2017-இல் கருங்குழி பேரூராட்சியில் மதுராந்தகத்துக்கும் சேர்த்து மாநிலத்தின் முதல் கசடு சுத்திகரிப்பு நிலையம் தொடங்கியது. பிறகு பல ஊர்களில் நிலையங்கள் எழுந்துவருகின்றன, லாரிகளுக்கு உரிமம் கட்டாயமாகியிருக்கிறது. நிலையம் கட்டுவது எளிது, முறை வைத்துக் கசடு எடுப்பது கடினம்; கடினமானதை இன்னும் பெரும்பாலான ஊர்கள் தொடங்கவில்லை. எந்த வீட்டில் டேங்க் இருக்கிறது, எப்போது கட்டியது, கடைசியாக எப்போது காலி செய்தார்கள் என்ற பதிவேடு ஒவ்வோர் உள்ளாட்சியிலும் இருக்க வேண்டும். உறிஞ்சுகுழியைக் கண்ணால் பார்க்காமல் கட்டட நிறைவுச் சான்று தரக் கூடாது. வீடு கட்டுகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள்: டேங்க்கை அளவுக்கு மீறிப் பெரிதாக்காதீர்கள், அதன் மூடியை டைல்ஸுக்கு அடியில் புதைக்காதீர்கள், மூன்று ஆண்டுக்கு ஒருமுறை லாரியைக் கூப்பிடுங்கள், யார் கேட்டாலும் எவ்வளவு பணம் கொடுத்தாலும் ஓர் ஆளை உள்ளே இறங்கவிடாதீர்கள்.